பால் காய்ந்த விரல்கள்

இன்று கேகாலையில் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று கடந்துபோனதும், அந்தப் புளித்த நெடியோடு அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்துவிட்டன. விடியக்காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, பால் வடியும் சிரட்டைகள் நிறையும்வரை மரத்தடியில் உட்கார்ந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வாசல் திரைக்கென்று லேஸ் பின்னுவாள். அதற்கு முன், "உரிச்சு விடு புள்ள, நூல்ல பட்டா கறுத்துப் போயிரும்" என்று விரல்களை என்னிடம் நீட்டுவாள். காய்ந்த பாலை நான் சவ்வு சவ்வாக உரித்து முடிப்பதற்குள், தலைமுடி போன்ற அந்த நூலை மடியில் வைத்தபடியே பல நாள் தூங்கிப்போவாள். லேஸ் ஒரு சாணுக்கு மேல் வளரவேயில்லை.

இப்போது அந்த மரங்களும் இல்லை, லயமும் இல்லை, அம்மாவுக்குக் கண்ணும் தெரிவதில்லை. ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், ஒன்றுமே ஒட்டாத விரல்களை நீட்டுகிறாள். நானும் உரித்துவிடுகிறேன்.