முதுகு காட்டி நின்ற பாலைவனப் பறவை

காலை 6.30. டொரொன்டோவில் மொன்றியல் பேருந்தைப் பிடித்தேன். தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர், கட்டணம் அறுபத்திரண்டு டாலர். நான் நாகர்கோவில்காரன். ஊரில் ஒரு மாத இதழில் பறவைகளைப் பற்றி எழுதுகிறேன். அக்டோபரில் மொன்றியல் பக்கம் வெண்வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும், அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன். வெண்வாத்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தது வேறு.

பிற்பகல் 1.10. நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் குணம். டொரொன்டோவில் நான் தங்கியிருந்த நண்பரின் சிநேகிதர், யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே பெரிய லாரி ஓட்டுகிறார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். காரில் ஏறி நான் பெல்ட் போடுவதற்குள் கேட்டார்:

"அண்ணை, நீங்கள் பறவையளைப் பற்றி எழுதுறனீங்களாம். செத்த ஆக்கள் காகமா மட்டுந்தான் வருவினமோ? வேற பறவையா வரமாட்டினமோ?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சென்ட் லோரன்ட் பகுதியின் சரக்குக் கிடங்குகளைக் கடக்கும்போது ஒரு கட்டடத்தைக் காட்டி, "இஞ்சைதான் அண்ணை டிரெய்லரைத் திறந்தனான்" என்று தொடங்கினார்.

போன வருடம் இதே நாட்களில், அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனாவுக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. குணத்தின் முறை. அவர் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு நயாகராவுக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணன் சிவா அந்த லாரியை எடுத்துக்கொண்டு போனார். அரிசோனாவில் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திப் படுத்தவர், மாரடைப்பில் எழுந்திருக்கவே இல்லை. பொய்யைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார் குணம். இந்த வருடம் அதே அரிசோனாவிலிருந்து மர மேசை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் ஓட்டி வந்திருக்கிறார். நேற்று முன்தினம் கதவைத் திறந்தால், மேசைகளுக்கு நடுவே ஒரு பறவை நின்று அவரையே பார்த்தது. கம்பளியால் மூடிப் பிடித்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக் கராஜில் விட்டுவிட்டார்.

"இண்டைக்கு அண்ணையின்ரை ஆண்டுத் திவசம். இந்த நேரம் பாத்து வந்திருக்கு. நான் என்னெண்டு நினைக்கிறது, சொல்லுங்கோ?"



2.00 மணி. வீட்டு வாசலிலேயே சாம்பிராணி மணந்தது. ஐயர் காலையில் வந்து திவசத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார். சமையல் எல்லாம் மூடியபடி இருந்தது. படைத்த சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது. ஆனால் இலையை வெளியே வைக்கக் குணம் விடவில்லை. கராஜில் இருக்கும் பறவைக்கு முன்னால்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். சிவாவின் மனைவி ராணி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இன்னும் ஒருத்தரும் சாப்பிடேல்லை, குறை நினைக்காதேங்கோ" என்றார். குரலில் களைப்பு மட்டும் இருந்தது.

கராஜ் கதவை விரலளவு திறந்து பார்த்தேன். பார்த்ததும் அது எது என்று தெரிந்துவிட்டது. ரோட்ரன்னர்! படங்களில் நூறு முறை பார்த்திருக்கிறேன், நேரில் இதுவே முதல்.

கார்ட்டூனில் உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நீலமும் ஊதாவுமாக ஆளுயரப் பறவை, கார் ஹாரன்போல் சத்தம் போட்டுக்கொண்டு தூசி பறக்க ஓடும். துரத்துகிற கயோட்டி ஓநாய்தான் ஒவ்வொரு முறையும் முட்டாளாகும். நிஜப் பறவையை அதன் பக்கத்தில் வைத்தால் அடையாளமே தெரியாது. நம் நாட்டுக்கோழியைவிடச் சிறியது, நீளத்தில் பாதி வால். மண் நிறத்தில் கோடு கோடாக உடம்பு, தலையில் சிலுப்பிய கொண்டை. குயில் குடும்பம், நம் செம்போத்துக்குச் சொந்தம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும், அந்த ஓநாய் நிஜத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு ஓடும். நானே ஒரு முறை ஓநாயை அது ஓட்டத்தில் வென்றுவிடும் என்று இதழில் எழுதி வாசகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

தரைத் தூசியெங்கும் அதன் கால்தடம். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், ஒவ்வொன்றும் பெருக்கல் குறி. "வந்ததோ போனதோ எண்டே தெரியேல்லை பாருங்கோ" என்றார் குணம். பேய்களைத் திசை குழப்ப அந்தப் பாலைவனத்து மக்கள் இந்தத் தடத்தை வரைவார்கள் என்று எங்கோ படித்ததை நான் வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். குணத்தின் முகம் வெளுத்தது.

அப்போது பறவை குரல் கொடுத்தது. ஹாரனும் இல்லை, கூவலும் இல்லை. யாரோ அடுத்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் மெதுவாக இறங்கி இறங்கித் தேய்ந்தது. பிறகு இரண்டு அலகையும் கடகடவென்று அடித்தது. பகல் இரண்டு மணிதான். ஆனாலும் நான் கதவை விட்டு ஓரடி பின்னால் வந்துவிட்டேன்.

சின்ன ஜன்னல் வழியே வெயில் விழுந்த இடத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. முதுகு இறகுகள் மெல்ல விரிந்தன. உள்ளே கரியைப் பூசியதுபோல் தோல்.

"ரெண்டு நாளா இப்பிடித்தான் அண்ணை. முகம் குடுக்குதில்லை. சோத்தையும் தொடேல்லை."

"அது வெயில் காயுது குணம். கறுப்புத் தோல் சூட்டை வாங்கும். குளிருக்கு அப்படித்தான் நிக்கும்" என்றேன். "இது சோறு தின்னாது. பாம்பும் பல்லியும் எலியும் திங்குற ஜாதி. இன்னைக்கு இறைச்சி கிடைக்கலைன்னா செத்துப்போகும்."

"திவச வீட்டிலை மச்சமோ!" என்று பதறினார் குணம். மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் மாமிசம். இந்த வீட்டில் ஒரு மாதமாக முட்டைகூட வாங்கவில்லையாம்.

ராணி எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கார் சாவியை எடுத்தார். இருபது நிமிடத்தில் கோழி ஈரலோடு திரும்பினார், நாலு டாலர் இருபது சென்ட். குணம் கராஜ் வாசலை மறித்தார்.

"அண்ணி, வேண்டாம். அண்ணை கோவிப்பார்."

"பசிச்ச சீவன் குணம். விலத்தும்."

3.15. ராணி ஒரு துண்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பறவை கழுத்தை நீட்டிப் பார்த்தது. நான் கண் இமைப்பதற்குள் துண்டு அலகில் இருந்தது. விழுங்கவில்லை. ஓங்கித் தரையில் அடித்தது. மறுபடி அடித்தது. சிமெண்டில் டப், டப் என்று சத்தம். பாம்பின் மண்டையை இப்படி அடித்துத்தான் கொல்லும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இது ஏற்கெனவே செத்த ஒன்றை, கண்ணில் எந்த மாற்றமும் இல்லாமல், திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருந்தது. கார்ட்டூனில் ஓநாய் மலையுச்சியிலிருந்து விழுந்தாலும் அடுத்த நிமிடம் எழுந்து நிற்கும். அதனால்தான் நாம் சிரிக்கிறோம் என்று அந்தக் கராஜில் புரிந்தது.

குணம் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணை என்னைத்தான் அடிக்கிறார். அண்ணி, நான் அண்டைக்கு..."

"அது அவர் இல்லை" என்றார் ராணி. "காய்ச்சல் எண்டு நீர் சொன்னது பொய் எண்டு எனக்குச் செத்தவீட்டு நாளண்டே தெரியும். நயாகராவிலை நிண்டு எடுத்த படத்தை உம்மடை கூட்டாளி போனிலை எல்லாருக்கும் அனுப்பினவர்."

ராணி அடுத்த துண்டைக் கையில் எடுத்தபடியே தொடர்ந்தார்.

"ஒரு வருஷமா, இண்டைக்குச் சொல்லுவீர், நாளைக்குச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வாற நேரமெல்லாம் சாமான் வாங்கித் தந்திட்டுப் போயிடுவீர். இப்ப என்னடா எண்டா, ஒரு பறவையிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர். நான் உயிரோடைதானே இருக்கிறன், குணம்?"

பறவை ஈரலை விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்காக ராணியின் காலடியில் வந்து நின்றது. நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றி வீட்டுக்குள் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மாலை 5.40. பறவையை எல்லை தாண்டிக் கொண்டுவந்தது தெரிந்தால், லாரியோடு எல்லை கடக்கும் தன் அட்டையை அதிகாரிகள் பறித்துவிடுவார்கள் என்று குணம் அதுவரை பயந்திருந்தார். ராணி காட்டுயிர் மீட்பகத்துக்குப் போன் செய்தார். இரண்டு பெண்கள் துளைபோட்ட பெட்டியோடு வந்தார்கள். குளிர்காலம் முழுக்க வைத்திருந்து பிறகு விமானத்தில் தெற்கே அனுப்புவார்களாம். குணத்தைக் குறைசொல்லவில்லை, பிடித்து வைத்ததற்கு நன்றி சொன்னார்கள்.

மறுநாள் காலை 8.00. வெண்வாத்துகளுக்கு இனி நேரமில்லை. குணம் என்னை நிலையத்துக்கு அழைத்துப்போனார். எங்கள் ஊரிலும் திவசத்துக்குக் காகத்தைக் கூப்பிடுவோம். அது வந்து ஒரு வாய் எடுத்ததும், கடமை முடிந்தது என்று உள்ளே போய் இலை போட்டு உட்கார்ந்துவிடுவோம். செத்தவரைப் பற்றி உயிரோடு இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னோமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் அப்படிச் சொல்ல வேண்டிய ஒருத்தர் என் வீட்டிலும் இருக்கிறார்.

பேருந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா குணம்?"

"ஓம் அண்ணை. விடியும்வரை கதைச்சனாங்கள்."

"மன்னிச்சாங்களா?"

"அப்பிடியொண்டும் சொல்லேல்லை." பையை என் கையில் கொடுத்தார். "அடுத்த முறை அரிசோனா போகேக்கை தன்னையும் கூட்டிக்கொண்டு போகட்டாம். அவர் செத்த இடத்தை அண்ணி இன்னும் பாக்கேல்லை."