கேட் வரைக்கும்

வாங்க வந்த காரை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் நிற்கும் காரைத்தான் அக்கா சுற்றிச் சுற்றி வருவார். கதவைத் திறந்து மூடுவார். கால் வைக்கும் இடத்தில் கிடக்கும் விரிப்பைத் தூக்கி, ஈர வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார். விற்பவர் அந்தக் காரின் அருமை பெருமைகளையெல்லாம் சொல்லி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போகிற போக்கில், "அது என்ன, அதுவும் விக்கத்தான் நிக்குதா?" என்று வேண்டிய காரின் பக்கம் கையைக் காட்டுவார்.

உறவுக்குள் இவருக்குப் 'பாதிவிலை அத்தை' என்று பெயர். எனக்கு எதிர்வீட்டு அக்கா. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. உள்ளே யார் அலறினாலும் வெளியே இவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. காத்திருப்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஓடிப்போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே முகத்தைத்தான் கார் கடைக்கும் எடுத்துப் போகிறார். பெயர்தான் பாதிவிலையே தவிர, எதையும் பாதி விலைக்கு முடித்ததில்லை. ஆனாலும் அக்கா முடித்த விலையை வெளியே சொன்னால் கேட்பவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

யார் கூப்பிட்டாலும் வருவார். நிபந்தனை ஒன்றுதான்: காருக்கு ஆசைப்பட்டவர் கூட வரக் கூடாது. என் காரை வாங்கப் போனபோது என்னையே வீட்டில் உட்கார வைத்துவிட்டார். "எனக்கு இதுதான் வேணும்னு உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. அத அவன் படிச்சிட்டா, அப்புறம் நான் என்னத்தப் பேசுறது?" என்றார். காரென்றாலே ஆகாத என் மனைவியைத்தான் துணைக்கு அழைத்துப் போனார்.

விலைப் பேச்சில் அலட்டலே இருக்காது. தன் தொகையை ஒரு தரம் சொல்வார், அவ்வளவுதான். விற்பவர் நெஞ்சில் கை வைப்பார், குடும்பக் கஷ்டம் சொல்வார், கடைசியில் சாயங்காலம் வேறொரு பார்ட்டி வருகிறது என்பார். "சாயங்காலம் வர்ற பார்ட்டின்னு ஒருத்தர் இன்னும் பொறக்கவே இல்ல தம்பி" என்று எழுந்து, கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பார். அவசரமும் இருக்காது, தயக்கமும் இருக்காது. திரும்பிப் பார்க்கிற பேச்சே கிடையாது. பெரும்பாலும் கேட்டைத் தொடுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் பேசாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். அந்தக் காரைப் பற்றி அதோடு மறந்தும் போவார்.

அக்காவின் தம்பி ஒருமுறை இந்த வித்தையைத் தனியாகச் செய்யப் போய் மாட்டிக்கொண்டார். கேட் வரை வீறாப்பாக நடந்தவர், அங்கே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாராம். "நடந்தா நடந்துடணும். குனிஞ்சான் பாருங்க, அங்கயே அந்தாளுக்குத் தெரிஞ்சு போச்சு, இவன் போக மாட்டான்னு." நாலு பேர் கூடினால் அக்கா இதைச் சொல்லாமல் விடுவதில்லை. தம்பி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனை பேருக்குக் கார் வாங்கிக் கொடுத்தவர், எல்லாக் காரிலும் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது தாண்டிய பிறகு யாரிடமும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, தட்டுத்தடுமாறி லைசென்ஸும் எடுத்தார். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, சும்மாதான் என்றாராம். தினமும் வேலைக்குப் போகிற பஸ், பழைய கார் விற்கும் கடை ஒன்றைத் தாண்டிப் போகும். அங்கே சின்னதாக ஒரு பச்சை கார் வெகுநாளாக நின்றது. மழை பெய்த அன்று அதன் கண்ணாடியை யாரோ ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று என்னிடம் வந்து கோபப்பட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். யாருக்குக் கார் என்றேன். எனக்குத்தான் என்றார். அப்படியானால் நீங்கள் அல்லவா வீட்டில் இருக்க வேண்டும் என்று சீண்டினேன். வீட்டுக்காரரை அனுப்பினால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார் என்றார். அந்த மனிதரைத் தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

கடையில் எல்லாம் வழக்கப்படியே தொடங்கியது. பச்சைக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரைச் சுற்றி வந்தார். விரிப்பை முகர்ந்தார். பச்சையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் அதைக் கடந்தபோது, கூரைமேல் கிடந்த சருகு ஒன்றைக் கை தானாக எடுத்துக் கீழே போட்டது. பிறகு கடை அறைக்குள் போய் உட்கார்ந்து, பச்சைக்குத் தன் தொகையைச் சொன்னார். கடைக்காரர் வயதானவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். கட்டாது என்று தலையை ஆட்டினார்.

"சாயங்காலம் ஒருத்தர் அட்வான்ஸோட வர்றாரும்மா."

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"எத்தன மணிக்கு வர்றாரு?" என்று கேட்டார் அக்கா.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே புரிந்தது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். இனி இறங்கி வர மாட்டார் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தார். அதே நடைதான். பின்னால் போன எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கேட் பக்கத்தில் வந்துவிட்டது. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அக்கா நின்றார். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். காலை அப்படியே நுழைத்துக்கொள்கிற செருப்பு அது. இழுத்து மாட்ட அதில் ஒன்றுமே இல்லை.