ஆலைக் கோவிலின் பூட்டிய கேற்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் சின்ன மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை ஆலைக் கோவில் என்பார்கள். பக்கத்து நூல் ஆலையின் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து செங்கல் சுமந்து கட்டியது. அடிக்கல்லில் ஆலையின் வெள்ளைக்கார மனேச்சருடைய மனைவியின் பெயர் இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. ஆலை நின்ற இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்புகள்.

ஞானரூபியின் பாட்டனார் அந்தச் செங்கல் சுமந்தவர்களில் ஒருவர். தகப்பன் சவுந்தரநாயகம் அதே ஆலையில் தறிப் பகுதி மேற்பார்வையாளர். ரூபி கலியாணம் கட்டவில்லை. காப்புறுதிக் கம்பனியொன்றில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். கணீரென்ற குரல் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பது அவள்தான்.

போன வருடம் ஆலயத்தின் ஆண்டு நிறைவுக்குச் சிறப்பு மலர் அச்சிட்டார்கள். வரலாற்றை எழுதியவர் இராஜநாயகம், நெடுங்காலம் கோவில் பொறுப்பாளராக இருந்தவர். விழாவில் வாசிக்கச் சொல்லி இளம் போதகர் அதில் ஒரு பக்கத்தை ரூபியிடம் கொடுத்தார். வீட்டில் விரித்துப் பார்த்தாள். ‘எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எமது ஆலயத்தின் கதவுகள் தஞ்சம் தேடி வந்த அனைவருக்கும் திறந்திருந்தன.’

உடனே போதகருக்குப் போன் எடுத்தாள்.

“பாஸ்டர், இது பொய். நாங்கள் ஓடி வரேக்க கேற் பூட்டிக் கிடந்தது. அப்பா பேர் சொல்லிச் சொல்லித் தட்டினவர். இராஜநாயகம் அங்கிள் உள்ளுக்கு நிண்டு எங்களைப் பார்த்தவர். திறக்கேல்ல.”

“ரூபி அக்கா, பழசைக் கிளறி என்ன பிரயோசனம்? அச்சடிச்சும் முடிஞ்சுது.”

அந்தக் கேற் வாசலில்தான், தமிழரைத் துரத்தி வந்த கும்பல் சவுந்தரநாயகத்தைப் பொல்லால் அடித்தது. கோவிலுக்கு முன்வீட்டு இப்றாஹிம் நானாவும் மனைவி ஸமீமாவும் அவரையும் ரூபியையும் உள்ளே இழுத்துக் கதவை அடைத்தார்கள். முதுகெலும்பு முறிந்தவர் பிறகு எழுந்து நடக்கவில்லை. சில வருடங்கள் படுக்கையில் கிடந்தே செத்தார். கோவிலின் பெயர் கெடக்கூடாது, வெளியே சொல்லாதே என்று அவர் மகளிடம் கேட்டிருந்தார். அவள் அத்தனை காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அதனால்தான்.

விழாவன்று ரூபி மேடையேறினாள். அந்த வரியை வாசித்தாள். மலரை மூடினாள்.

“இது நடக்கேல்ல,” என்றாள். “கேற் பூட்டியிருந்தது. வெளியில நிண்டது நானும் அப்பாவும்.”

போதகர் எழுந்து அருகில் வந்தார். அவள் நகரவில்லை. முன்வரிசையில் இருந்த இராஜநாயகம் ஊன்றுகோலைப் பிடித்தபடி பேசினார்.

“உள்ளுக்குப் பொம்பிளையள், குழந்தையள் எல்லாம் இருந்தவை, பிள்ளை. திறந்திருந்தா எல்லாரையும் எரிச்சிருப்பாங்கள்.”

“அப்ப அதை எழுதுங்கோ அங்கிள். பயந்து பூட்டினம் எண்டு எழுதுங்கோ. பயந்ததுக்கு நான் கோவிக்கேல்ல. திறந்தனாங்கள் எண்டு எழுத உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?”

பாடகர் குழு அவசரமாகப் பாட்டைத் தொடங்கியது. மலரை அப்படியே எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

வாசலில் பாடகர் குழுவின் பிறெடி அவளை மறித்தார்.

“நீ சொன்னது சரி, ரூபி. அண்டைக்கு எங்கட அம்மா உள்ளுக்கு இருந்தவ. உன்ர அப்பா தட்டின சத்தம் காதில கேட்டுக்கொண்டிருக்கு எண்டு சாகுமட்டும் சொல்லுவா.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ரூபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அப்ப உங்களுக்கு முந்தியே தெரியும்.”

“எனக்கு மட்டுமே? பழைய ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்.”

ஞாயிறுதோறும் அவளுக்குக் கை கொடுத்தவர்கள், கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்பியவர்கள், அப்பாவின் அடக்க ஆராதனையில் அழுதவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ரூபி பிறெடியிடம் வேறெதுவும் கதைக்காமல் ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.

வேறு ஆலயத்துக்குப் போகலாமே என்று போதகர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். “என்ர பாட்டன் கட்டின கோவில், பாஸ்டர். போறதெண்டா பூட்டின ஆக்கள் போகட்டும்,” என்றாள். இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். முன்வரிசையில், இராஜநாயகத்துக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள். வேதபாடம் வாசிக்க யாரும் அவளைக் கேட்பதில்லை.