பதிலா மேஸ்திரி வீட்டுத் தகரம்

தெருவில் அவருக்குப் பெயர் ‘பதிலா’ மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மோட்டாரும் பம்பும் பழுதுபார்க்கிறவர். யார் எதை வாங்கக் கிளம்பினாலும், “அது எதுக்கு? அதுக்குப் பதிலா இத வச்சிக்கலாமே” என்று குறுக்கே வந்து நிற்பார். கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சன் செலவுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவருக்கு உட்காரவே வராது.

அவர் வீட்டு அடுப்படியில் கடையில் வாங்கிய சாமான் மருந்துக்குக்கூடக் கிடையாது. கத்தி முன்ஜென்மத்தில் ரம்பப் பிளேடு. இடுக்கி ஒரு சைக்கிள் கம்பி. பாத்திரம் கவிழ்த்து வைக்கும் தட்டு, மின்விசிறியின் மூன்று இறக்கைகளை அடித்து நீட்டிச் சேர்த்தது. தேய்ப்பதற்குச் செங்கல்தூளும் சாம்பலும். பொரித்து மிஞ்சிய எண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்த்து அவரே சோப்பு ஊற்றுவார். பாளம் பாளமாகப் பரணில் காயும். திரிந்த பாலில் சுண்ணாம்பு குழைத்து ஒரு பசை காய்ச்சுவார். நாற்காலி, முக்காலி எல்லாம் ஆணியே இல்லாமல் அந்தப் பசையை நம்பித்தான் நின்றன.

அவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு அவள் வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் கூடத்தில் இருபது வருஷம் மிஷின் மிதித்தவள். அண்ணன் வீட்டுப் பின்னறையில், யாருக்கும் தொந்தரவில்லாமல், யாருக்கும் தேவையுமில்லாமல் கிடந்தவள். அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. ஒரு மனுஷன் தன்னைத் தேட வேண்டும், கூப்பிட வேண்டும், தான் பதில் சொன்னால் அது அவன் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான்.

வந்த இரண்டாம் நாளே அவர் கூப்பிட்டார். அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

“இருக்கியா?”

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவள் தலைக்கு மேலே யாரோ “ம்” என்றார்கள்.

அங்கே சக்கரம் மறுபடி சுழல ஆரம்பித்தது. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுப்புக்கு மேலே, சுவரில் புகை படியாமலிருக்க, ஒரு தகரம் இரண்டு கம்பிகளில் தொங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்த பழைய டிரங்குப் பெட்டியின் மூடி. ஓரத்தில் பூட்டு மாட்டும் கொண்டி இன்னும் இருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தையல் கூடத்திலும் மிஷின் வேகம் குறைந்து நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி முனகும். அதே சங்கதிதான் இது. ஆனாலும் கண்ணாடி ஒருநாளும் இவ்வளவு அலுப்பான ஒரு பொம்பளைக் குரலில் முனகியதில்லை.

ஒரு வாரம் பொறுத்தாள். அவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை “இருக்கியா?” என்பார். அவள் முந்திக்கொண்டு “இருக்கேங்க!” என்று கத்திப் பார்த்தாள். தகரம் முந்திக்கொண்டது. பட்டறைக்கு வந்து வாய் ஓயாமல் பேசுகிற இரும்புக்கடைக்காரனிடம்கூட அவள் இப்படித் தோற்றதில்லை. கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டாள்.

“என்னங்க, அந்தத் தகரத்தக் கழட்டிடலாமா? சத்தம் போடுது.”

எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனுஷன், சாப்பிட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

“அதத் தொடாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“வேற தகரம் மாட்டிக்கலாமே. இதுக்குப் பதிலா.”

“இதுக்குப் பதில் கிடையாது” என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை அந்தத் தெருவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விஷயத்தை உடைத்தது பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டே, வாயில் கவ்விய குண்டூசியோடு சொன்னாள்.

“மூத்தவ வாயத் தொறந்து பேசவே மாட்டா. எது கேட்டாலும் ‘ம்’ தான். காய்ச்சல்ல விழுந்தாளா, அடுப்படியிலயே கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டா. இவர் பட்டறையிலேர்ந்து ‘இருக்கியா, இருக்கியா’ன்னு கேட்டுக்கிட்டே வேல பாத்தாரு. கேக்குறப்பல்லாம் ‘ம்’ வந்துச்சாம். மத்தியானம் சாப்பிட வந்து பாத்தா வெறச்சுக் கெடக்குறா. விடியறப்பவே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்போ ‘ம்’ சொன்னது?”

“கட்டிலுக்கு அடியில அவ டிரங்குப் பெட்டி இருந்துச்சு” என்றாள் டெய்லர் அக்கா. “அந்த மூடியத்தான் வெட்டி மாட்டி வச்சிருக்காரு. ஒரு குரல வீணாக்கக்கூடாதுன்னு நெனச்சாரோ என்னவோ. கையத் தூக்கு, அக்குள் அளவு பாக்கணும்.”

அவளுக்குக் கோபம் வந்தது, அதை மறைத்துப் பயனில்லை. செத்தவளுக்குப் பதிலாகத் தகரம். தகரம் பாத்திரம் தேய்க்காது என்பதால் தகரத்துக்குப் பதிலாக, தான். இந்த வீட்டுச் சாமான் வரிசையில் தன் இடம் எது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையிலேயே மின்சாரம் போனது. பட்டறையில் சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை. அரம் வைத்து ராவும் சத்தம் மட்டும் கர்ரக் கர்ரக்கென்று கேட்டது. இன்றைக்காவது என் குரல் போய்ச் சேரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அரம் நின்றது.

“இருக்கியா?”

“ம்.”

அவள் வாய் திறக்கவில்லை. தகரத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவே இல்லை. தகரம் காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி சுட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ‘ம்’ என்று சொல்வதையே விட்டாள். எதற்கும் முழு வாக்கியம்தான். “ஆமாங்க, உப்புப் போட்டுட்டேன்.” “இல்லைங்க, நான் தூங்கல.” அவர் ஒருமாதிரியாகப் பார்ப்பார். முழு வாக்கியம் அவருக்குப் பழக்கமில்லை.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மெழுகுவத்தித் துண்டுகளையும் எண்ணெயையும் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, அடுப்பில் ஏற்றியிருந்தாள். மரச்சாமானுக்கு அவர் கண்டுபிடித்த பாலிஷ். “தண்ணி வத்தவிடாத, மெழுகு குப்புனு புடிச்சிக்கும்” என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அது உருகுவதற்குள் பரணிலிருந்து சோப்புப் பாளத்தை இறக்கலாமென்று முக்காலியில் ஏறினாள். அடுப்படி ஆவியில் நாள்பட ஊறிப்போயிருந்த பால்பசை அன்றைக்குக் கைவிட்டது. ஒரு கால் கழன்று முக்காலி சாய்ந்தது.

விழுந்த வேகத்தில் இடுப்பில் ஏதோ முறிகிற சத்தத்தை அவளே கேட்டாள். நெஞ்சு அடைத்துக்கொண்டது. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அடுப்பின் திருகு தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் நின்றது.

“மெழுகு உருகிடுச்சா? இருக்கியா?”

“ம்” என்றது தகரம்.

சக்கரம் சுழன்றது. அவள் தரையைக் கையால் அடித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. மறுபடி சக்கரம் நின்றது.

“இருக்கியா?”

“ம்.”

இந்தத் தடவை அது அவசரமே இல்லாமல், இழுத்துச் சொன்னது. மூத்தவளும் இதே அடுப்படியில்தான் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கிடந்தாள் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றேவிட்டது. டப்பாவிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பியது.

கைக்கெட்டும் தூரத்தில் முக்காலியின் கழன்ற கால் கிடந்தது. அதை எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தகரத்தின் மேல் வீசினாள். முதல் வீச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் நல்ல காலம். இரண்டாவது வீச்சில் கம்பி ஒன்று அறுந்தது. தகரம் ஒரு பக்கமாகத் தொங்கி, ஆடி, மற்ற கம்பியையும் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது.

சக்கரம் நின்றது.

“இருக்கியா?”

யாரும் எதுவும் சொல்லவில்லை.

“இந்தா... இருக்கியா?”

கருவிகள் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. செருப்பில்லாமல் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவர் வாசற்படியில் வந்து நின்றார். அவள் இத்தனை மாதத்தில் பார்த்திராத முகம் அது. தனக்காக ஒரு மனுஷன் இப்படி வெளுத்துப்போவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வலி மரத்துப்போய் ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தொழில் பழகிய அவர் கை தன்போக்கில் போய் அடுப்பின் திருகை மூடியது. பிறகு அவர் அவள் காலைத் தாண்டிப் போய்க் குனிந்தார். தகரத்தை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நசுங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொடுத்தார்.

“என்னம்மா ஆச்சு உனக்கு?” என்றார். “இருக்கியா?”

தான் இங்கே கிடப்பதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒரு முழு வாக்கியத்துக்கு மூச்சு போதவில்லை. வந்தது ஒரே எழுத்துதான்.

“ம்.”

“அப்பாடா, இருக்கியா” என்று அவர் தகரத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.