மாமாவின் மூன்று ஸ்கிரீன்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பெருமை எனக்கு இருந்தது: என் மாமாவிடம் மூன்று ஸ்கிரீன்கள் இருந்தன. மெர்போக் பக்கம் வேலை பார்த்த அம்மாவின் தம்பி, வரும்போதெல்லாம், “மூணு ஸ்கிரீனையும் நான்தான் பாத்துக்கிறேன்” என்பார். அலோர் ஸ்டாரில் ஒரே ஒரு முறை படம் பார்த்திருந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாமா தியேட்டரில் இருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் நம்பவில்லை. “ரீல் விடாத லா! தியேட்டர் இல்லன்னா, லீவு முழுக்க உன் சைக்கிள் எனக்கு.” புத்தம்புதுச் சிவப்புச் சைக்கிள். ரோஷத்தில் கைகொடுத்துவிட்டேன்.

மாமாவின் வேலையிடத்தில், வேலையாட்களின் குடும்பங்களுக்கு விருந்து வைக்கும் குடும்ப நாள் வந்தது. தீபாவளிச் சட்டையும் பை நிறைய வறுத்த கச்சான் கடலையுமாக நானும் அவளும் மாமாவின் காடிக் கதவைத் திறந்து ஏறினோம். இறங்கிய இடம் கல் குவாரி. மாமா பூரிப்போடு கைநீட்டிய திசையில், வீட்டளவு உயரத்தில் மூன்று இரும்புச் சல்லடைகள். கல் சலிக்கும் அவற்றுக்கும் குவாரியில் ஸ்கிரீன் என்றுதான் பெயராம்.

“சைக்கிள் சாவி எங்க?” என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டார்கள். அடேயப்பா! தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்ற எங்கள் கால்களும் சேர்ந்து அதிர்ந்தன. அந்த இரைச்சலில் பேச முடியாமல் மாமா ஆடியே காட்டினார். முதல் சல்லடை வட்டமாகச் சுழன்று கற்களைத் தூக்கிப் போட்டது. மாமாவின் இடுப்பும் சுழன்றது. இரண்டாவது கற்களை நேர்கோட்டில் எத்தி எத்தி நடத்தியது; மாமா தவளைபோல் தாவினார். மூன்றாவது, மாவு சலிக்கும் கைபோல மெல்ல அசைந்து தூளை மட்டும் கீழே விட்டது, மாமாவும் குழைந்தார். பின்னாளில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் போன நான், இந்த வகைகளைப் பரீட்சையில் எழுதியது அந்த ஆட்டத்தை நினைத்துத்தான். பெருங்கல், கோலிக்குண்டளவு கல், மணல் என்று குவியல்கள் வளர வளர இருவரும் குதித்தோம், கத்தினோம். கச்சான் எப்போது தீர்ந்ததென்றே தெரியவில்லை.

மோட்டார் நின்றது. அவளுக்குப் பந்தயம் ஞாபகம் வந்துவிட்டது. முன்னால் நடந்த மாமாவின் முதுகைப் பார்த்துக் கத்தினாள்: “மாமா! இது தியேட்டரா?”

மாமா திரும்பிச் சிரித்தார். “ஆமாம்மா, ஆமா! கோழியும் இருக்கு, வாங்க.”

என் சைக்கிள் பிழைத்தது! மாமா என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று நானும், அவர் எனக்காகக் கள்ளாட்டம் ஆடினார் என்று அவளும் சாப்பாடு முடியும்வரை சண்டை போட்டோம். மோட்டார் இரைச்சலில் அடைத்துப்போன அவர் காதில் அவள் கேட்டதே விழவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.