பதினோரு மணிக்குப் பார்த்த பூ

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தினமும் காலையில் ஒழுங்காகத் திறந்து மூடுகிற ஒரு பூவை, ‘ஒருபோதும் திறக்காத பூ’ என்று பதினான்கு பக்கம் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவைத்தேன். இது உலகத்துக்கே புதிய இனம், திறக்காமல் இருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தப் பூ செய்த ஒரே குற்றம், நான் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்தது.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தாவரவியல் நடத்துகிறேன். சனிக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு லே-அவுட் இருக்கிறது. கல் நட்டு, வரிசையாகக் கொடி கட்டி, இன்னும் ஒருவரும் வீடு கட்டாத இடம். மழைக்காலத்தில் அதன் பள்ளமான மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்த ஓரத்தில்தான் செடி. பார்வைக்குப் புல் மாதிரி. உறவுமுறையில் கானாவாழைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இலையின் அடியில் துரு நிறத்தில் மயிர், விதையின் மேல் வலை பின்னியது போல வரி. எந்தப் புத்தகத்தில் தேடியும் இப்படி ஒன்று இல்லை.

புதிய இனத்தை முதலில் விவரித்து எழுதுகிறவர்களின் பெயர், அந்தச் செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னால் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். என் வீட்டு மின்கட்டண அட்டையில் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கிறது, அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு புல்லின் வாலிலாவது என் பெயர் முதலில் நிற்கட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

முதலில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு பேர் எழுதிய கட்டுரை அது. இன்னொருவர் எங்கள் துறையிலேயே இருக்கும் இளம் ஆசிரியை. மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். செடியை அளந்தது, படம் வரைந்தது, விதையை நுண்ணோக்கியில் வைத்துக் கண் வலிக்கப் பார்த்தது எல்லாம் அவர். கண்டுபிடித்தது நான். அதாவது, சேற்றில் வழுக்கி விழுந்தேன். மூக்குக்கு நேரே செடி இருந்தது. ஆகவே முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அவருடையது என்று நானே தீர்மானித்து, நானே தட்டச்சும் செய்தேன். மேடம் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் களஆய்வு முறை இது. பொழிச்சலூரில் எட்டு மணிக்கு எழுவேன். இரண்டு காபி. பல்லாவரம் வரை பைக், அங்கிருந்து ரயில். தாம்பரத்தில் இறங்கி ஒரு பொங்கல் வடை, அப்புறம் அடுத்த வண்டி. லே-அவுட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று அடித்திருக்கும். ஆறு சனிக்கிழமை போனேன். ஆறு தடவையும் மொட்டுதான். மொட்டைக் கீறினால் உள்ளே வெறும் கூழ். ‘இதழ்கள் வளர்ச்சி குன்றியவை’ என்று கம்பீரமாகக் குறித்துக்கொண்டேன். இந்தக் குடும்பத்துப் பூக்கள் மூடியவுடன் இதழ் கூழாகக் கரைந்துவிடும் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறவன் நான்தான். அந்தப் பாடத்தில் மாணவர்கள் தூங்குவது தெரியும். நானும் கூடவே தூங்கியிருக்கிறேன் என்பது தெரியாது.

மேடம் அப்போதே கேட்டார். “சார், ஒரு வாட்டி காலைல சீக்கிரம் போய்ப் பார்த்துடலாமா?”

“பூ என்ன பேங்க்கா மேடம், டைமுக்குத் திறந்து டைமுக்கு மூட?”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நானே சிரித்தேன்.

கட்டுரையை அனுப்பியது ஒரு மழைக்காலத்தில். பதில் வந்தது அடுத்த மழைக்காலம் முடிகிற நேரத்தில். முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், பதினான்கு பக்கத்தையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: பூவை எந்தெந்த மணிக்குப் பார்த்தீர்கள்? ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று பக்கம் மறுப்பு எழுதி மேடத்திடம் நீட்டினேன்.

“அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஆறு மணிக்குப் போலாம் சார்.”

“பொறாமைல கேக்கறார் மேடம் அவர்.”

“மணிதானே சார் கேக்கறார்.”

அந்தச் சனிக்கிழமை ஆதாரம் திரட்டப் போனேன். வழக்கம்போலப் பதினோரு மணிக்கு. லே-அவுட் வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்தார்.

“இன்னா சார், மறுபடி வந்துட்டியா? பிளாட்டு பாக்கறியா, இல்ல எதுனா தொலச்சிட்டியா?”

“அண்ணா, இந்தச் செடி பூக்கவே மாட்டேங்குதே, பார்த்திருக்கீங்களா?”

“யாரு சொன்னா? காலீல இந்த மூல பூரா ரோஸ் கலரு. நான் பல்லு வெளக்கிகினு தெனம் பாக்கறேன். வெயில் ஏறுனா மூடிக்கும். நீ வர்றதுக்குள்ள அது வேலைய முடிச்சிகினு பூடுது.”

“போன வருஷத்துலேர்ந்து வர்றேன். ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணா.”

“நீ கேக்கலையே. மொட்டு பொறுக்கற ஆளுன்னு நெனச்சிகினேன்.”

என் மூன்று பக்க மறுப்பை அன்றே கிழித்தேன். இனித் திறந்த பூவைப் பார்த்தாக வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. செடிகள் நுனியில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. விட்டால் அடுத்த வருடம்தான். அதற்குள் கட்டுரை குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை, பிறந்ததிலிருந்து நான் அறியாத ஒரு நேரத்தில் எழுந்து, ஆறரைக்குப் போய் நின்றேன். வானம் மூடிக் கிடந்தது. பூவும் மூடிக் கிடந்தது. ஒரு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். “இன்னிக்கு அதுக்கு லீவு சார்” என்றார் வாட்ச்மேன்.

அதற்கடுத்த வாரம் வானம் பளிச்சென்று இருந்தது. முதல் ரயிலைப் பிடித்தேன். ஜன்னலோர இருக்கை, குளிர்ந்த காற்று. கண் திறந்தபோது செங்கல்பட்டு, ஓரமாக நிறுத்திவிட்ட பெட்டியில் நான் மட்டும், மணி எட்டரை. திரும்பி வந்து செடிக்கு முன்னால் நின்றபோது ஒன்பதரை. கீறிப் பார்த்தேன். கூழ். அந்தக் கூழை முறைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டில் கேட்டதற்கு ட்ராஃபிக் என்றேன்.

அவகாசத்தில் மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. இந்த முறை ரயிலில் உட்காரவே இல்லை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். பள்ளத்தில் ஒரு பாய் அளவுக்குத்தான் ஈரம் இருந்தது. அதன் நடுவில் மேடம் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் லென்ஸ்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“எங்க அபார்ட்மெண்ட்டுக்கு நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும் சார். நான் தெனமும் அப்பவே முழிச்சிப்பேன். குனிஞ்சு பாருங்க, நிழல் விழாம.”

குனிந்தேன். மூன்று இதழ், வெளிர் ரோஜா நிறம், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. ஒன்றல்ல, நாற்பது ஐம்பது இருக்கும். பதினான்கு பக்கத்தையும் பார்த்து அத்தனையும் வாயைத் திறந்து சிரிப்பது மாதிரி இருந்தது.

“மகரந்தக் கம்பியப் பாருங்க சார். முடியே இல்ல. இதோட சொந்தம் எல்லாத்துக்கும் அங்க தாடி மாதிரி இருக்கும்ல?”

இருக்கும். இதற்கு இல்லை. ஆகவே புதிய இனம்தான், சந்தேகமே இல்லாமல். நான் ஒரு பொய்யான காரணத்தைச் சொல்லி அடைந்த இடத்துக்கு, மேடம் உண்மையான காரணத்தோடு வந்து சேர்ந்திருந்தார். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரம். எனக்கோ எரிச்சலாக வந்தது. அதுவும் யார் மேல் என்று சொல்லிக்கொள்ள முடியாத எரிச்சல்.

“பேரை மாத்தணும் சார்” என்றார். ‘பூட்டியது’ என்று பொருள் வரும் லத்தீன் சொல்லைச் செடிக்கு வைத்திருந்தேன்.

“நாள்ல முக்கால்வாசி நேரம் மூடித்தானே மேடம் இருக்கு?”

அவர் லென்ஸை இலையின் அடிப்பக்கம் திருப்பினார். சரி, துரு நிற மயிரை வைத்து வேறு பெயர் என்று முடிவாயிற்று. கட்டுரையைத் திருத்தி அனுப்புவதைத் தானே பார்த்துக்கொள்வதாக மேடம் சொன்னார்.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தூக்கம் வரவில்லை, அதிசயம்தான். பெருந்தன்மையாக ஏதாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. செய்தால், “ஐயோ, அதெல்லாம் வேணாம் சார், நீங்கதான் சீனியர்” என்று அவர் மறுப்பார். நானும் வற்புறுத்துவது போல வற்புறுத்திவிட்டுப் பழையபடியே இருக்கலாம். நாலு தடவை அழித்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: “மேடம், நன்றாக யோசித்துப் பார்த்தேன். நியாயப்படி இந்தக் கட்டுரையில் உங்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?”

இரண்டு டிக்கும் உடனே நீலமாகின.

“காலைலயே மாத்திட்டேன் சார்.”