சும்மா இருக்க ஒரு அறை

கடையின் இரண்டாம் மாடியில், பார்வைக்கு வைத்திருந்த ஓர் அறையின் வாசலில் கலைமகள் செருப்பைக் கழற்றி விட்டாள்.

"செருப்போடயே வாங்கக்கா, இது டிஸ்ப்ளேதான்" என்று அங்கே நின்ற விற்பனைப் பெண் சிரித்தாள்.

"ஊட்டுக்குள்ள எப்படி கண்ணு செருப்போட வாரது?" என்று கேட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கூட வந்த எனக்கு மானம் போனது. ஆனாலும் நானும் கழற்றினேன்.

கலைமகளும் நானும் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே மேஜையில் துணியில் பிசிறு தேடும் செக்கிங் வேலை பார்க்கிறவர்கள். வெள்ளகோவிலிலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் மண்ணரைக்கு வந்த நாள் முதல் அவள் மிஷின் சத்தத்துக்குள்தான் குடியிருக்கிறாள். பகலெல்லாம் கம்பெனி. திரும்பி வந்தால் லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின்கள். அவள் புருஷன் அர்த்தநாரி டெய்லர். மிஷின் ஓட ஓடப் பேசிப் பழகிய மனிதர், சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்பதைக்கூட ஊருக்கே அறிவிக்கிற மாதிரிதான் சொல்வார். அவளும் சளைத்தவள் இல்லை. அவர்கள் கொஞ்சிக்கொண்டிருந்ததைச் சண்டை என்று நினைத்து நான் விலக்கிவிட ஓடியிருக்கிறேன்.

போன மாதம்தான் சொந்தமாக வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை முடித்துப் பால் காய்ச்சினார்கள். சின்ன வீடு. பின்பக்கம் ஓர் அறை மிச்சமானது. அதுதான் வம்பு. நாலு மிஷின் போட்டு வெளி வேலை எடுத்துச் செய்யலாம் என்றார் அவர். அறை அப்படியே இருக்கட்டும் என்றாள் இவள்.

"அந்த ரூம்ல என்னதான் பண்ணுவே?"

"சும்மா உக்காந்திருப்பேனுங்க."

"சும்மா உக்கார ஒரு ரூமா!" என்று அவர் கேட்டது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. திருப்பூரில் ஒரு சுவரும் ஒரு பிளக்கும் இருந்தால் அங்கே மிஷின் வந்துவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய மிஷின் விற்கிற ஆத்தப்பனிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இன்று சாயங்காலம் வண்டி வந்து இறக்கிவிட்டுப் போகும் என்று பேச்சு.

கலைமகள் வாசலுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டும் என்று சொல்லி, அவிநாசி ரோட்டிலிருக்கிற இந்தப் பெரிய கடைக்கு எங்களை இழுத்து வந்தாள். ஆத்தப்பனிடமிருந்து போன் வரும் என்று அர்த்தநாரி கீழேயே நின்றுகொண்டார்.

கடையின் அந்த டிஸ்ப்ளே அறையில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, காலடியில் மெத்தென்று ஒரு விரிப்பு. சன்னல் மாதிரி ஒன்றும் இருந்தது. அதற்கு வெளியே வானமும் இல்லை, தெருவும் இல்லை. பின்னால் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, முன்னால் மெல்லிய திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எந்நேரமும் அங்கே பொழுது சாய்கிற நேரம்தான்.

கலைமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏசி காற்றில் திரை லேசாக அசைந்தது. துணி என்று எதைக் கண்டாலும் அவள் கை தானாகப் புரட்டிப் பிசிறு தேடும். இன்று கை மடியிலேயே கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. எனக்கும், எங்கோ மழை பெய்கிறது, நமக்கு இன்று வேலை இல்லை என்பதுபோல ஒரு நினைப்பு. அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டேன். அது மாலையா மதியமா என்பதே மறந்துபோனது.

இதற்குள் வெளியே ஒரு வேடிக்கை. வாசலில் எங்கள் செருப்பைப் பார்த்த ஒரு குடும்பமும் கழற்றிப் போட்டது. அதைப் பார்த்து அடுத்த குடும்பம். உள்ளே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாற்காலியில் இருந்தவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு அடுத்த அறைகளுக்கும் போனார்கள். விசேஷ வீட்டு வாசல் மாதிரி செருப்பு குவிந்தது. விற்பனைப் பெண் சொல்லிப் பார்த்து அலுத்து, கடைசியில் தானும் கழற்றிவிட்டாள்.

எங்களைத் தேடி மேலே வந்த அர்த்தநாரி, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த கலைமகளின் செருப்பை அந்தக் குவியலில் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். அவரும் கழற்றிவிட்டு வந்தார். வந்ததும் பழக்கதோஷத்தில் கையை விரித்துச் சுவரை அளந்தார்.

"நம்ம ரூம் அளவுதான் புள்ள! நாலு மிஷின் தாராளமா..."

பாதியில் குரல் இறங்கிவிட்டது. கத்த வேண்டிய அவசியம் அங்கே எதுவும் இல்லை. மீதியை மெதுவாகச் சொன்னார். "...போடலாம்."

கலைமகள் கண்ணைத் திறந்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

"எதையாச்சும்."

"என்ன புள்ள, தூக்கம் வருதா?"

"உங்க குரல் இப்படித்தான் இருக்குமுங்களா?" கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசம் எனக்குத் தெரியாமப் போச்சுங்களே."

அவர் அவள் பக்கத்தில் விரிப்பில் உட்கார்ந்தார். மூன்று பேரும் பொய்ச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அவர் போன் அடித்தது. ஆத்தப்பன்தான்.

"வண்டி கெளம்பட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் அர்த்தநாரி, அதே மெல்லிய குரலில்.

"கேக்கலீங்க! சத்தமாச் சொல்லுங்க!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த ரூம்ல ஆளு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது, மறைப்பதற்கென்ன. திரைச்சீலை வாங்க வந்ததை எல்லோரும் மறந்திருந்தோம்.

விற்பனைப் பெண் மெதுவாக எட்டிப் பார்த்தாள். "அந்தச் சேர் பிடிச்சிருக்காக்கா? ஒண்ணு பில் போட்டுரவா?"

கலைமகள் கீழே உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"ரெண்டு போடு கண்ணு" என்றாள்.